குளிசைக் கணக்கை எழுதி வையுங்கள்

பிள்ளை தங்குவதற்காக மருந்து எடுக்கத் தொடங்கும் அன்றே ஒரு 80 பக்கக் கொப்பி வாங்குங்கள். நான் வாங்கவில்லை. 2011இல் எழுதித் தந்த மருந்துத் துண்டுகளைக் கொக்குவில் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். மாரிக்குக் கூரை ஒழுகி மை கரைந்து, முட்டை வெளிவரத் தூண்டும் குளோமிபீன் குளிசையின் பெயரில் ‘குளோமி’ வரைக்கும்தான் மிஞ்சியது. காட்டிய இடத்திலும் பழைய பதிவு இல்லை என்றார்கள். ஒரு மாதவிடாய்க்கு எடுப்பது ஒரு சுற்று; நான் எடுத்தது ஐந்து சுற்றா, ஆறு சுற்றா என்று இவருக்கும் எனக்கும் இன்றைக்கும் வழக்குத்தான்.

மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், மாதவிடாயின் எத்தனையாம் நாள் தொடங்கி எத்தனை நாள் எடுத்தீர்கள், ஊசி போட்டால் அது என்ன ஊசி. வெறும் குளிசை மட்டையையும் அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

ஏன் இந்தக் கணக்கு? அமெரிக்காவில் 1965 முதல் 1988 வரை பிள்ளையில்லை என்று வைத்தியம் தேடிய பெண்களை 2010 வரை கவனித்தார்கள். குளோமிபீன் எடுத்தவர்களுக்கு மொத்தத்தில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. 12 சுற்றும் அதற்கு மேலும் எடுத்த சிலரிடம்தான் கூடியிருந்தது. நெதர்லாந்தில் 25,000க்கு மேற்பட்ட பெண்களை ஏறத்தாழ 21 வருடம் கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்விலும், ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் வைத்தியம்) செய்தவர்களுக்கு இந்த நோய் கூடவில்லை. இப்போது பெரும்பாலும் ஆறு சுற்றோடு நிறுத்துவார்கள். அதற்கு மேலும் எழுதினால், “டொக்டர், இது எத்தனையாவது? இதுவும் சரிவராவிட்டால் அடுத்தது என்ன?” என்று கொப்பியைக் காட்டிக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இன்னொன்று. பிள்ளை பெறாதவர்களுக்கும் பிந்தி முதற்பிள்ளை பெற்றவர்களுக்கும் மருந்தே எடுக்காவிட்டாலும் இந்த ஆபத்து சற்றுக் கூடத்தான். ‘குளிசையால்தான் வந்தது’ என்று யாரும் சொன்னால் மனம் உடைந்து போகாதீர்கள்.

வைத்தியம் முடிந்த பிறகும் மாதம் ஒருமுறை, மாதவிடாய் நின்று சில நாளில், கண்ணாடி முன் நின்று மார்பகங்களைப் பாருங்கள். பிறகு மூன்று விரல்களின் உட்பக்கத்தால் மெல்ல அழுத்தி, வட்டம் வட்டமாக அக்குள் வரை தடவுங்கள். கட்டி, தோல் உள்ளிழுத்தல், காம்பில் இரத்தம் எது தெரிந்தாலும், வலி இல்லையென்று அடுத்த மாதம் வரை பார்த்திருக்க வேண்டாம். 35 வயதானால், பெண்களைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக் எந்த நாள் என்று உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். தாய்க்கோ சகோதரிக்கோ இந்த நோய் இருந்திருந்தால் அந்த வயது வரை காத்திராமல் டொக்டரிடம் சொல்லுங்கள். போகும்போது கொப்பியை மறவாதீர்கள்.