ஸ்பீட் போட் திரும்பும்போது எந்தப் பக்கம் சாயும்?

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ராமேஸ்வரம் பக்கம் போகிற நம்ம மதுரைக்காரங்க ஸ்பீட் போட்டில் ஏறும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க. கோரிப்பாளையம் தேவர் சிலைகிட்ட டவுன் பஸ் திரும்பினால் வெளிப்பக்கம் சாயும். ஆனால் அடிப்பக்கம் 'வி' வடிவில் உள்ள ஸ்பீட் போட், பைக் மாதிரி திரும்புற பக்கமே சாயும். தட்டையான அடி கொண்ட படகு அப்படிச் சாயாது, பக்கவாட்டில் வழுக்கிக்கிட்டே போகும்.

முன்முனை உள்ளே திரும்பும்போது பின்பக்கம் வெளியே வீசும். எங்க மச்சான் போட்டோ எடுக்க எழுந்து நின்ன நேரம் போட் திரும்பி, போன் கையை விட்டு எகிறிருச்சு. அவரை நான் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். அதனால் நடுவில், தாழ்வா, கைப்பிடியைப் பிடிச்சு உட்காருங்க. லைஃப் ஜாக்கெட்டின் எல்லா பக்கிளும் மாட்டியிருக்கணும்.

நீங்களே ஓட்டினால், திருப்பத்துக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க. பாதித் திருப்பத்தில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திராட்டிலைச் சட்டுனு குறைச்சால் முன்முனை தண்ணியில் அமுங்கி, படகு சுழன்றுடலாம். நீங்க தவறி விழுந்தால் இன்ஜினை நிறுத்துற சுருள் கயிறு உங்க உடம்போடு மாட்டியிருக்கான்னு கிளம்பும் முன்பே பாருங்க.