இரண்டு கல்லூரி, ஒரே சி லேப்: சேர்ந்து ஒரு வகுப்பறை ஆய்வு செய்வது எப்படி

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் முதலாண்டுக்கு சி என்ற புரோகிராமிங் மொழி எடுக்கிறேன். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை. அங்கே அதே பாடத்தை எடுக்கும் டீச்சர் ஒருவரும் நானும் சேர்ந்து ஒரு சின்ன ஆய்வு செய்தோம். முதல் தடவை எல்லாம் பாழ். இரண்டாம் தடவை உருப்பட்டது. இதைப் புதிதாகச் செய்யப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். எக்ஸ்செல்லில் சராசரி போடத் தெரிந்தால் போதும்.

எதற்கு இரண்டு கல்லூரி? ஒரே வகுப்பில் செய்தால் "உங்க பசங்க அப்படி சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 2001-இல் மெக்ராக்கன் என்ற கணினி ஆசிரியர் தலைமையிலான குழு நான்கு பல்கலைக்கழகங்களில் 216 மாணவர்களுக்கு ஒரே மாதிரி புரோகிராமிங் கணக்குகள் கொடுத்தது. சராசரி 110-க்கு 22.89. ஒரே இடத்தில் இந்த மார்க் வந்திருந்தால் வாத்தியார் தலைதான் உருண்டிருக்கும். நான்கு இடத்திலும் பசங்கள் திணறியதால்தான் உலகம் திரும்பிப் பார்த்தது.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"ஜோடியாகப் படித்தால் நல்லதா?" என்பது கேள்வியே இல்லை. நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு குழப்பம். ஏ, பி என்று எண்ணைப் போட்டுவைக்கும் இரண்டு மாறிகள். ஏ-யில் 5, பி-யில் 9 இருக்கிறது. அடுத்த வரி ஏ = பி. அதற்கடுத்த வரியில் பி-க்கு 2 கொடுக்கிறோம். இப்போது ஏ எவ்வளவு? விடை 9. சி-யில் ஏ = பி என்றால், அந்த நேரத்தில் பி-யில் இருப்பதை ஏ-க்குள் நகலெடு என்றுதான் பொருள்; பிறகு பி மாறினாலும் ஏ மாறாது. ஆனால் பள்ளிக்கூடக் கணக்கில் பார்த்த சமன்பாடு மனதில் நிற்பதால், "இரண்டும் சமம்தானே சார்" என்று 2 எழுதுவார்கள். முதலில் தனியாக யோசி, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசு, அப்புறம் வகுப்புக்குச் சொல் என்று 1981-இல் ஃபிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் சொன்ன முறை இந்தக் குழப்பத்தைத் தீர்க்குமா என்பதுதான் எங்கள் கேள்வி.

படி 2: அனுமதி

எச்ஓடி (துறைத் தலைவர்) கையெழுத்து, மாணவர் சம்மதம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சம்மதத் தாளைப் பாடம் எடுக்கும் நீங்களே வாங்கக் கூடாது. இன்டர்னல் மார்க் உங்கள் கையில் இருக்கும்போது எந்தப் பையன் மாட்டேன் என்பான்?

படி 3: யாரை யாரோடு ஒப்பிடுவது

கல்லூரிக்குக் கல்லூரி ஒப்பிடாதீர்கள். அது சண்டையில் முடியும். ஒவ்வொரு கல்லூரியிலும் இரண்டு லேப் பேட்ச் இருக்கும். ஒரு தலைப்பை முதல் பேட்ச் ஜோடியாகவும் மற்றது தனியாகவும் செய்யட்டும். அடுத்த தலைப்பில் மாற்றிவிடுங்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

படி 4: முன் தேர்வையும் பின் தேர்வையும் ஜோடி சேர்ப்பது

பாடத்துக்கு முன்னால் வைப்பது முன் தேர்வு, முடிந்தபின் வைப்பது பின் தேர்வு. நாங்கள் குப்புற விழுந்த இடம் இதுதான். ஒரே மாணவரின் முன் தேர்வுத் தாளையும் பின் தேர்வுத் தாளையும் சேர்த்துப் பார்த்தால்தான் யார் எவ்வளவு நகர்ந்தார் என்று தெரியும். ஆனால் தாளில் பெயர் இருக்கக் கூடாது.

முதல் தடவை, "ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். ஆறு வாரம் கழித்துப் பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. என் வகுப்பில் மட்டும் மூன்று "தளபதி". எந்தத் தளபதி எந்தத் தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டாவதாக, அம்மா பெயரின் முதல் இரண்டு எழுத்தை யோசித்தோம். கொழிஞ்சாம்பாறை டீச்சர் சிரித்துவிட்டார். அவர் வகுப்பில் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்த பிள்ளைகள் அதிகம். அம்மா பெயர் சாந்தி என்றால் ஒரு நாள் தமிழில், ஒரு நாள் மலையாளத்தில், ஒரு நாள் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். சரி, பத்தாம் வகுப்புக் கணக்கு மார்க்? கேரளத்தில் எஸ்எஸ்எல்சி-க்கு கிரேடுதான். மொபைல் எண்ணின் கடைசி இலக்கங்கள்? ஆஃபர் வந்தால் சிம் மாறிவிடுகிறது.

கடைசியில் கைகொடுத்தது ஐடி கார்டு. எண் எழுதிய துண்டுச் சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னோம். சீட்டை ஐடி கார்டு உறைக்குள், போட்டோவுக்குப் பின்னால் செருகச் சொன்னோம். ஐடி கார்டு இல்லாமல் கேட்டில் விடமாட்டார்கள், அதனால் சீட்டும் தொலையவில்லை. எந்த எண் யாருக்கு என்ற பட்டியல் ஒட்டிய கவருக்குள், அந்த வகுப்பு எடுக்காத இன்னொருவரிடம் இருந்தது. வேலை முடிந்ததும் கிழித்துவிட்டோம்.

படி 5: தேர்வு

பேப்பர்தான், சந்தேகமே வேண்டாம். கூகுள் ஃபார்ம் வேகம்தான், ஆனால் செட்டிங்கைக் கவனிக்காமல் விட்டால் மின்னஞ்சலைச் சேகரித்துவிடக்கூடும். லேபில் இன்னொரு டேப்பில் கம்பைலரும் திறந்திருக்கும், புரோகிராமை அதில் ஓட்டி விடையைப் பார்த்துவிடுவார்கள். விடை மட்டும் போதாது, "ஏன்?" என்று ஒரு வரி இடம் விடுங்கள். எந்த மொழியிலும் எழுதலாம் என்று சொல்லுங்கள்.

தேதியை முதலிலேயே பேசிவிடுங்கள். ஓணம் விடுமுறை அவர்களுக்கு நீளம், எங்களுக்கு இல்லை. முதல் தடவை இரண்டு தேர்வுக்கும் நடுவே இருந்த இடைவெளி இரு கல்லூரியிலும் வெவ்வேறு.

படி 6: திருத்தலும் கணக்கும்

முதல் பத்துத் தாள்களை இருவரும் தனித்தனியாகத் திருத்தி, எங்கே வேறுபடுகிறோம் என்று பாருங்கள். நாங்கள் செக்போஸ்ட் அருகே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து செய்தோம். பாதி விடை சரியாக இருந்தால் நான் மார்க் போடுகிறவன், டீச்சர் போடமாட்டார். அங்கேயே விதி எழுதிக்கொண்டோம்.

பிறகு ஆதாயம், அதாவது முன் தேர்வில் விட்ட மார்க்கில் எவ்வளவு பங்கைப் பிடித்தார்கள் என்பது. பின் சதவீதத்திலிருந்து முன் சதவீதத்தைக் கழியுங்கள். அதை, 100-இலிருந்து முன் சதவீதத்தைக் கழித்து வருவதால் வகுங்கள். 40-இலிருந்து 70-க்குப் போனால் 30-ஐ 60-ஆல் வகுத்து 0.5. இயற்பியலில் ரிச்சர்ட் ஹேக் என்ற பேராசிரியர் 1998-இல் 62 வகுப்புகள், 6,542 மாணவர்களை வைத்துப் பார்த்தபோது, வழக்கமான விரிவுரையில் சராசரி ஆதாயம் 0.23, மாணவர் பங்கெடுத்த வகுப்புகளில் 0.48. நம் எண்ணை அதோடு நேராக ஒப்பிட முடியாது, தேர்வே வேறு. ஒரு அளவு தெரிவதற்காகச் சொன்னேன்.

பிற்சேர்க்கை: முன் தேர்விலேயே 100 வாங்கியவருக்கு எக்ஸ்செல் பிழை காட்டுகிறது என்று பலர் கேட்டிருந்தார்கள். பூஜ்யத்தால் வகுக்கிறது, அதனால்தான். ஹேக் செய்தது போல வகுப்புச் சராசரியை வைத்துப் போட்டால் இந்தத் தொல்லை வராது.

இன்னொன்று: முன் தேர்வு எழுதிவிட்டுப் பின் தேர்வன்று லீவு போட்டவர்களை என்ன செய்வது? ஜோடிக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், ஆனால் எத்தனை பேர் என்று எழுதிவையுங்கள். எங்களிடம் அப்படி விட்டுப்போனவர்களில் முன் தேர்வில் குறைந்த மார்க் எடுத்தவர்கள்தான் அதிகம். எங்கள் ஆதாயம் கொஞ்சம் அழகாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கட்டுரை எழுதும்போது அதையும் சேர்த்தே எழுதினோம்.