சேலத்துக் கிண்ணமும் இல்லாத வெந்நீர் ஊற்றும்

மார்கழி விடியலில் சேலத்தில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட்டால் தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறது. ‘அடியில் எரிமலை இருக்கிறது’ என்று சொல்ல எந்தத் தெருவிலும் ஒருவர் இருப்பார். உண்மையில் சூடேறியது தண்ணீர் அல்ல, குளிர்ந்தது நம் கை. சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே நிலம் மார்கழியையும் சித்திரையையும் அறியாது. ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்திலேயே கிடக்கும். ஆயிரம் அடி போர் போட்டாலும் அதற்கு மேல் சில டிகிரிதான் கூடும்.

வெந்நீர் ஊற்று வேறு சங்கதி. மழைநீர் நிலப்பிளவு வழியே கிலோமீட்டர் கணக்கில் இறங்கி, பூமியின் உள்சூட்டில் காய்ந்து, ஆறுவதற்குள் மேலே வந்துவிட வேண்டும். எரிமலை கட்டாயமில்லை. இமாச்சலத்தின் மணிகரணிலும் மேற்கு வங்கத்தின் பக்ரேஷ்வரிலும் நீர் சுடச்சுடக் கிளம்ப, பக்கத்தில் எரிமலை ஏதும் இல்லை. வேண்டியது ஆழமான, அடைபடாத பிளவு.

ஊற்று இருக்கும் பள்ளத்தை ஊற்றேதான் உண்டாக்குகிறது என்று நினைப்பது அடுத்த தவறு. நிலம் இழுபட்டுப் பிளக்கும்போது ஒரு பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது; அந்தப் பள்ளத்தில் மணலும் களியும் சேர்கின்றன. ஊற்று பின்னால் வருவது. அதன் வேலை நுணுக்கமானது: கரைத்துக் கொண்டுவந்த சுண்ணாம்பையும் சிலிக்காவையும் வாயிலிலேயே படியவிட்டு, தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும். பிளவு மறுபடி அசைந்தால் அடைப்பு உடைந்து நீர் வேறிடத்தில் கிளம்பும். லடாக்கின் புகா பள்ளத்தாக்கில் 4,400 மீட்டர் உயரத்தில் சுமார் 84 டிகிரியில் நீர் கொப்பளிக்கிறது. அந்த உயரத்தில் கொதிநிலையே ஏறக்குறைய அவ்வளவுதான். ஊற்றைச் சுற்றி உப்பும் கந்தகமும் வெண்காரமும் பூத்துக் கிடக்கின்றன.

இந்தப் படத்தை அப்படியே சேலத்தின் மேல் ஒட்டுவதுதான் பெரிய தவறு. வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, வடகிழக்கே சேர்வராயன் மலை என்று ஊர் கிண்ணத்துக்குள் இருப்பது போலத்தான் தெரிகிறது. போதாக்குறைக்கு ‘படுகை’ என்ற சொல் வேறு குழப்புகிறது. சேலத்துத் திருமணிமுத்தாறு காவிரியில் கலப்பதால், நீர்க் கணக்கில் நாம் காவிரிப் படுகைக்காரர்கள். நிலவியலார் சொல்லும் காவிரிப் படுகையோ கிழக்கே, அரியலூர், நெய்வேலிப் பக்கம். பழைய பெருங்கண்டம் பிளந்தபோது தரை இறங்கி, ஆயிரக்கணக்கான மீட்டர் வண்டல் நிரம்பிய இடம் அது. இரண்டையும் ஒன்றாக்கிக் கட்டுரை எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எந்தக் கிணறு வெட்டுகிறவரும் அவர்களைத் திருத்திவிடுவார். சேலத்தில் மண்ணும் மக்கிய பாறையும் தாண்டினால் கடப்பாரை கருங்கல்லில் மோதும். இது வண்டல் நிரம்பிய தொட்டி அல்ல, அரிபட்டுத் தாழ்ந்த தரை.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வெட்டிய பாறை முகமெங்கும் விரிசல். மழைக்காலத்தில் நீர் கசியும். இவையெல்லாம் நிலநடுக்கப் பிளவுகள் அல்ல. ஒரு விரிசலின் இருபுறமும் வெள்ளைக் குவார்ட்ஸ் கோடு நேராகத் தொடர்ந்தால் அங்கே எதுவும் நகரவில்லை. கோடு அறுந்து ஒரு சாண் தள்ளி மீண்டும் தொடங்கினால், அல்லது முகம் வழவழப்பாகி ஒரே திசையில் கீறல்கள் இருந்தால் மட்டும் நின்று பாருங்கள்.

ஊருக்கு வடக்கே வெள்ளைக்கல் சுரங்கங்களில் வலை போல ஓடும் வெண்கோடுகளும் ஊற்றின் படிவு அல்ல. ‘சாக் ஹில்ஸ்’ (சாக்பீஸ் குன்றுகள்) என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்தார்கள். அங்கே ‘சாக்’ எனும் மென்சுண்ணாம்புக்கல்லும் இல்லை. கரியமில வாயு கலந்த நீர் டியூனைட் எனும் ஆழ்நிலப் பாறையின் மக்னீசியத்தோடு சேர்ந்து உண்டான மேக்னசைட் அது. தூளாக்கி எலுமிச்சைச் சாறு விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும், இது சும்மா கிடக்கும்.

எரிமலையும் இல்லை, ஊற்றும் இல்லை என்பதால் நடுக்கமே வராது என்று முடிவு கட்டுவது எதிர்ப்பக்கத் தவறு. சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் எனும் கருங்கல் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழையது. சேலம், ஆத்தூர் வழியே ஓடும் பாறைத் தழும்பு, ஆழத்தில் இளகிய பாறைகள் உரசி நகர்ந்த காலத்தது. ஆனால் 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதி ரிக்டர் 6 அளவில் குலுங்கியது. 2002 நிலநடுக்க வரைபடத்திலும் சேலம் மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில்தான் இருந்தது. வீடு கட்டுகிறவர் பொறியாளரிடம் கேட்க வேண்டியது ஊருக்கு இப்போது குறித்துள்ள மண்டலத்துக்கான கம்பிக் கணக்கைத்தான்.