கன்சோலில் ஒரு குமிழ் மங்கித் தெரிந்தால் என்ன பொருள்?

மேடை விளக்குகளை இயக்கும் லைட்டிங் கன்சோல் பழக உட்காருபவர்களுக்கு முதல் நாளே வரும் சந்தேகம் இது: "விளக்கைத் தேர்ந்தெடுத்தேன். ஒளிக்கற்றையை விரித்துச் சுருக்கும் ஜூம் குமிழ் திரையில் மங்கலாக இருக்கிறது, ஒளியில் உருவம் காட்டும் கோபோ தகட்டுக்கான பக்கத்தையே காணோம். கன்சோல் கெட்டுவிட்டதா?" கெடவில்லை. அந்த விளக்குக்கு அந்த வசதி கிடையாது என்று கன்சோல் நினைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அது நினைப்பது சரியா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

கன்சோல் விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் முறையான, 1986-இல் வந்த டிஎம்எக்ஸ் ஒருவழிப் பாதை. ஒரு கேபிளில் 512 சேனல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண். கன்சோல் அனுப்பிக்கொண்டே இருக்கும். மறுமுனையில் இருப்பது என்ன விளக்கு, அதற்குக் கரண்ட் வருகிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பேட்ச் செய்யும்போது, அதாவது எந்தச் சேனல்களில் எந்த விளக்கு என்று கன்சோலில் பதியும்போது, நீங்கள் எந்த ப்ரொஃபைலை (விளக்கின் வசதிப் பட்டியலை) கொடுத்தீர்களோ, அதைப் பார்த்துத்தான் எந்தக் குமிழைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவு செய்கிறது.

சரி, கன்சோலைத் திறங்கள். கையில் இல்லையென்றால் கிராண்ட்எம்ஏ3 ஆன்பிசி, மேஜிக்க்யூ போன்ற இலவச மென்பொருள்கள் போதும்.

முதல் படி: ஒரே ஒரு விளக்கைத் தேர்ந்தெடுங்கள். என்கோடர்களுக்கு (திருப்பும் குமிழ்களுக்கு) மேலே இருக்கும் பெயர்களைப் பாருங்கள். சில கன்சோல்கள் இல்லாத வசதியை மங்கலாக்கும், சில அந்த இடத்தைக் காலியாக விடும், சில அந்தப் பக்கத்தையே ஒளித்துவிடும்.

இரண்டாம் படி: விளக்குகளைப் பட்டியலாகக் காட்டும் திரைக்குப் போங்கள். 0 என்று இருந்தால் வசதி இருக்கிறது, மதிப்புதான் பூஜ்யம். கட்டம் காலியாக இருந்தால் வசதியே இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம் படி: தலை திரும்பும் மூவிங் ஹெட் விளக்கு ஒன்றையும் சாதாரண எல்இடி பார் ஒன்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். விளக்கை இடவலமாகத் திருப்பும் பேன் குமிழ் உயிரோடு இருக்கும். திருப்பினால் மூவிங் ஹெட் மட்டும் அசையும். குமிழ் தெரிகிறது என்பதால் தேர்ந்தெடுத்த எல்லா விளக்கும் கேட்கும் என்று பொருள் இல்லை.

நான்காவதுதான் முக்கியம். குமிழ் மங்கியிருக்கிறது, ஆனால் விளக்கில் அந்த வசதி இருப்பது உங்களுக்கு நிச்சயம் தெரியும் என்றால், பேட்சில் இருக்கும் மோடையும் (விளக்கு எத்தனை சேனல்களை எந்த வரிசையில் எடுத்துக்கொள்ளும் என்ற அமைப்பு) விளக்கின் பின்பக்கச் சின்னத் திரையில் இருக்கும் மோடையும் ஒப்பிடுங்கள்.

நான் இதில் ஒரு மாலையே தொலைத்திருக்கிறேன். எல்இடி பார் 7 சேனல் மோடில் இருந்தது: முதலில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர், பிறகு சிவப்பு, பச்சை, நீலம், அப்புறம் மற்றவை. பேட்சில் நான் போட்டிருந்ததோ வெறும் சிவப்பு, பச்சை, நீலம் உள்ள 3 சேனல் மோட். விளக்கை விட்டுவிட்டு மின்னவைக்கும் ஸ்ட்ரோப் குமிழ் மங்கலாக இருந்ததைப் பார்த்தும், 'மலிவு விளக்கு, இருக்காது போல' என்று விட்டுவிட்டேன். சிவப்பை ஏற்றினேன், இருட்டு. பச்சையையும் சேர்த்து ஏற்றினேன், சிவப்பு எரிந்தது! மூன்றையும் முழுதாக ஏற்றி வெள்ளை கேட்டால் மஞ்சள் வந்தது. கன்சோல் அனுப்பிய சிவப்பை விளக்கு டிம்மராகவும், பச்சையைச் சிவப்பாகவும், நீலத்தைப் பச்சையாகவும் எடுத்துக்கொண்டது. நீலத்துக்கு ஆளே இல்லை. கேபிளை மூன்று முறை மாற்றிய பிறகுதான் விளக்கின் திரையைப் போய்ப் பார்த்தேன்.

மோடைத் திருத்தினால் அடுத்தடுத்த விளக்குகளின் முகவரியையும் (தொடக்கச் சேனல் எண்ணையும்) பாருங்கள். 1-இல் தொடங்கும் 7 சேனல் விளக்குக்கு அடுத்தது 8-இல்தான் தொடங்க முடியும். பழைய கணக்கில் 4-இல் விட்டுவைத்தால் இரண்டும் ஒன்றின் சேனலை மற்றொன்று பிடித்துக்கொண்டு கூத்தடிக்கும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. குமிழ் பளிச்சென்று தெரியும், திருப்பினால் ஒன்றும் நடக்காது. ஒளியை மறைக்கும் ஷட்டர் மூடியிருக்கலாம். அல்லது அந்தக் குமிழ் வேறொன்றை நம்பியிருக்கலாம்: பல விளக்குகளில் கோபோ சுழற்சி, சுழலும் கோபோவைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் வேலை செய்யும்.

விளக்கும் கன்சோலும் ஆர்டிஎம் தெரிந்தவையாக இருந்தால் வேலை எளிது. 2006-இல் வெளியான இந்த முறையில் விளக்கு அதே கேபிளில் பதில் சொல்லும்; தன் முகவரி, மோட் இரண்டையும் சொல்லிவிடும். நடுவில் சிக்னலைப் பல கேபிள்களாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இருந்தால் அதுவும் ஆர்டிஎம்மைக் கடத்துவதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏணியை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சின்னத் திரையைப் படிக்க வேண்டியதுதான்.