கொழிஞ்சாம்பாறை வெயிலில் வனேடியம் ஃப்ளோ பேட்டரி சோதனை

ஆடிக்காற்றில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றாலைகள் ராத்திரியும் சுற்றும். அந்த மின்சாரத்தை மணிக்கணக்கில் சேமிக்க ஃப்ளோ பேட்டரி அருமையான வழி. இதில் மின்சாரம் இரண்டு தொட்டிகளிலுள்ள வனேடியம் என்ற உலோகத்தின் அமிலக் கரைசலில் சேமிக்கப்படும். பம்ப் அதை நடுவிலுள்ள செல்லுக்குள் ஓடவிடும், செல்லில் இரண்டு கரைசலையும் ஒரு சவ்வு பிரிக்கும். நேரம் கூட வேண்டுமென்றால் தொட்டியைப் பெரிதாக்கி, கரைசலைக் கூட்டினால் போதும். சீனாவின் டாலியனில் 2022இல் 400 மெகாவாட்-மணி அளவில் ஒன்று மின்தொகுப்பில் சேர்ந்தது. நம் சின்னச் சோதனைக்குத் தொட்டிக்குப் பதில் இரண்டு புட்டி, புட்டிக்கு 100 மில்லி போதும்.

1. செல்லைப் பூட்டி வெறும் தண்ணீரை ஓடவிட்டுக் கசிவு பாருங்கள். விலை கூடினாலும், குழாயை வெளியிலிருந்து பிசைந்து திரவத்தைத் தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்ப்தான் வாங்க வேண்டும். அதில் அமிலம் குழாயை மட்டுமே தொடும்.

2. இரண்டு புட்டியிலும் 1.6 மோலார் (லிட்டருக்கு 1.6 மோல்) வனேடியம் 3.5 கரைசல், அதாவது வனேடியம் மூன்றும் நான்கும் சரிபாதி கலந்தது (எண் அதன் ஆக்சிஜனேற்ற நிலை). 25 சதுர செ.மீ. செல்லுக்கு 1.25 ஆம்பியர் கொடுங்கள். முதல் சார்ஜில் வோல்டேஜ் வெகுநேரம் கீழேயே கிடக்கும், பழுது இல்லை. ஒரு புட்டி நீலமாகவும் மற்றது பச்சையாகவும் மாறியதும் சட்டென்று ஏறும். பிறகு நீலம் மஞ்சளாகும், பச்சை ஊதாவாகும். 1.65 வோல்டில் நிறுத்துங்கள்.

3. இதுதான் உயிர்நாடி: ஊதாப் புட்டிக்குள் காற்று போகவே கூடாது. ஆக்சிஜன் பட்டால் ஊதா மறுபடி பச்சையாகும், கொள்ளளவு சுற்றுக்குச் சுற்று குறையும். சவ்வு கெட்டுவிட்டதென்று பலர் புதுச் சவ்வு வாங்குவது இங்கேதான். சார்ஜ் தொடங்கும் முன்பே நைட்ரஜனை விடுங்கள். வெளியேறும் குழாயின் நுனியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கி வையுங்கள். குமிழி நின்றால் எங்கோ ஓட்டை. முதலில் ரப்பர் கார்க்கைப் பாருங்கள்.

4. 0.9 வோல்ட் வரை டிஸ்சார்ஜ். வெளிவந்த ஆம்பியர்-மணியை உள்ளே போனதால் வகுக்க வேண்டும். முதல் சார்ஜைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு கரைசலைத் தயார் செய்யவே போய்விடும். இந்த விகிதம் குறைந்தால் காற்று அல்லது சவ்வுக் கசிவு. விகிதம் நன்றாக இருந்தும் வோல்டேஜ் சரிந்தால் செல் தகடுகளின் இறுக்கத்தையும் பம்ப் வேகத்தையும் பாருங்கள்.

5. முழுக்க சார்ஜ் செய்து, பம்பை நிறுத்தி, ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் செல்லுக்குள் நின்ற கரைசல் மட்டும் வலுவிழந்திருக்கலாம், புட்டியில் இருப்பது ஊதாவாகவே இருக்க வேண்டும். நீண்டநேரச் சேமிப்புக்கு நான் நம்பும் சோதனை இதுதான்.

பின்சேர்க்கை: டயர் கடை நைட்ரஜன் போதுமா என்று கேட்டிருந்தார்கள். போதாது, அதில் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும். கோவையில் கேஸ் கடையில் சுத்தமான சிலிண்டர் கேட்டு வாங்குங்கள்.

மஞ்சள் புட்டியில் செம்மஞ்சள் வண்டல் விழுகிறது என்று இன்னொருவர். அது வெயிலின் வேலை. 40 டிகிரிக்கு மேல் போனால் மஞ்சள் கரைசலிலுள்ள வனேடியம் ஐந்து படிந்துவிடும், எளிதில் கரையாது. பங்குனி, சித்திரையில் புட்டியைத் தண்ணீர் வாளியில் வைத்து, 1.55 வோல்டிலேயே சார்ஜை நிறுத்துங்கள். வெப்பநிலையை அறையில் பார்க்காமல் கரைசலிலேயே பாருங்கள்.