முதுகலை ஆசிரியர் தேர்வு: ஆங்கில இலக்கியத்துக்கு முதன்முறை தயாராகிறவர்களுக்கு

எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்து, மார்த்தாண்டத்திலோ கருங்கலிலோ ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு முதன்முறையாகப் படிக்க உட்காருகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அவர்களில் பெரும்பாலானோர் என்னிடம் முதலில் கேட்பது, “அக்கா, எந்தக் கைடு வாங்கட்டும்?” என்பதுதான். முதல் மூன்று மாதங்களுக்கு எந்தக் கைடும் வேண்டாம் என்றே நான் பதில் சொல்கிறேன். அதற்கான காரணமும், அந்த மூன்று மாதங்களில் செய்ய வேண்டியவையும் கீழே உள்ளன.

முதல் படி: வினாத்தாளின் அமைப்பை அறிதல்

முதன்மைத் தேர்வு 150 மதிப்பெண்களுக்கு நடக்கிறது. பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10 என்று அது பிரிகிறது. இதோடு 50 மதிப்பெண்களுக்குத் தமிழ் மொழித் தகுதித் தேர்வு ஒன்று உண்டு. அதில் 40 விழுக்காடு, அதாவது 20 மதிப்பெண் எடுக்காதவரின் முதன்மை விடைத்தாள் திருத்தப்படுவதே இல்லை. நம் குமரி மாவட்டத்தில் தொடக்கப்பள்ளியிலிருந்தே ஆங்கில வழியில் படித்தவர்கள் மிகுதி என்பதால் இதை முதலிலேயே சொல்கிறேன். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை வாங்கி, நாளுக்கு அரைமணி நேரம் இலக்கணப் பகுதியோடு சேர்த்துப் படியுங்கள். இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பது ஆபத்து.

பாடத்திட்டத்தை வாரியத்தின் இணையதளத்திலிருந்து எடுத்து அச்சிட்டு, படிக்கும் மேசைக்கு நேரே சுவரில் ஒட்டிவிடுங்கள்.

இரண்டாம் படி: காலவரிசைக் குறிப்பேடு

இருநூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்து, இடப்பக்கத்தில் இங்கிலாந்தின் வரலாற்று நிகழ்வுகளையும் வலப்பக்கத்தில் அதே காலத்து நூல்களையும் எழுதிக்கொண்டே வாருங்கள். 1642-இல் லண்டன் நாடக அரங்குகள் மூடப்பட்டன, 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் அவை மறுபடி திறந்தன என்ற இரண்டு வரிகள் இடப்பக்கத்தில் இருந்தால், ரெஸ்டொரேஷன் நாடகம் ஏன் ஷேக்ஸ்பியர் காலத்து நாடகத்தைப் போல இல்லை என்பது மனப்பாடம் செய்யாமலேயே விளங்கிவிடும். 1850 என்ற ஆண்டின் எதிரே வேர்ட்ஸ்வர்த் மறைவு, ‘தி ப்ரெலூட்’ வெளியீடு, டென்னிசனின் ‘இன் மெமோரியம்’, டென்னிசன் அரசவைக் கவிஞரானது ஆகிய நான்கும் வந்து நிற்கும். இப்படி ஓர் ஆண்டைப் பிடித்தால் நான்கு விடைகள் கூடவே வரும்.

மூன்றாம் படி: மூல நூலைத் திறத்தல்

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இந்தப் படியைத்தான். கொள்குறி வினாவில் நான்கு விடைகளில் இரண்டு எளிதில் தள்ளுபடியாகிவிடும். மீதி இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். தேர்ச்சி பெறுகிறவரையும் பெறாதவரையும் பிரிப்பது அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சிறிய இடைவெளி. ஒரே நூல் இரண்டு வடிவங்களில் வெளிவந்திருக்கும்போது அந்த இடைவெளி தானாகவே அமைந்துவிடுகிறது.

மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ 1667-இல் பத்துக் காண்டங்களாகவும், 1674-இல் பன்னிரண்டு காண்டங்களாகவும் வந்தது. போப்பின் ‘தி ரேப் ஆஃப் தி லாக்’ 1712-இல் இரண்டு காண்டங்களோடு வந்தது; வான்தேவதைகளைச் சேர்த்து ஐந்து காண்டங்களாக விரித்தது 1714-இல். ‘லிரிக்கல் பேலட்ஸ்’ 1798-இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் ஒரு சிறு அறிவிப்போடு வெளியானது. நாம் எல்லோரும் பேசுகிற அந்தப் புகழ்பெற்ற முன்னுரை 1800-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்ந்தது.

நான் முதல்முறை எழுதியபோது, கைடு ஒன்றில் போப்பின் நூலுக்கு 1712 என்றும் ஐந்து காண்டம் என்றும் ஒரே வரியில் அச்சாகியிருந்ததை அப்படியே மனப்பாடம் செய்து, ஒரு மதிப்பெண்ணை இழந்தேன். நூலகத்தில் நல்ல பதிப்பு ஒன்றின் முன்னுரையைப் பத்து நிமிடம் படித்திருந்தால் அந்தத் தவறு நேர்ந்திருக்காது. ஆகவே நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகுங்கள். நீங்கள் படித்த கல்லூரியில் முன்னாள் மாணவருக்கு நூலக அனுமதி உண்டா என்று துறைத் தலைவரைப் பார்த்துக் கேளுங்கள்.

கவிதையை எப்படிப் படிப்பது என்பதற்குக் கீட்ஸ் 1819-ஆம் ஆண்டு எழுதிய ‘ஓட்’ (ode) வகைக் கவிதைகளை எடுத்துக்கொள்வோம். முதல் வாசிப்பு வாய்விட்டுப் படிப்பதாக இருக்கட்டும். இரண்டாம் வாசிப்பில் பென்சிலோடு வரிகளை எண்ணுங்கள்: நைட்டிங்கேல் எட்டுப் பத்திகள், கிரீஷியன் அர்ன் ஐந்து பத்திகள், இரண்டிலும் பத்திக்குப் பத்து வரி, ‘டு ஆட்டம்’ மூன்றே பத்திகள், ஆனால் பத்திக்குப் பதினொரு வரி. அந்தக் கூடுதல் வரி எதற்கு என்று கேட்டுக்கொண்டே மறுபடி படித்தால், முடிய மனமில்லாத இலையுதிர் காலத்தைப் போலப் பத்தியும் நீண்டுகொண்டே போவது காதில் விழும். அதன் பிறகு அந்த எண் மறக்காது.

திறனாய்வுப் பகுதியில் கலைச்சொல், சொன்னவர், சொன்ன இடம் ஆகிய மூன்றையும் ஒன்றாகவே எழுதி வையுங்கள். ‘நெகட்டிவ் கேப்பபிலிட்டி’ கீட்ஸ் 1817-இல் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. ‘வில்லிங் சஸ்பென்ஷன் ஆஃப் டிஸ்பிலீஃப்’ அதே 1817-இல் வந்த கோலரிட்ஜின் ‘பயக்ராஃபியா லிட்டரேரியா’வில் இருக்கிறது. எலியட்டின் ‘அப்ஜெக்டிவ் கோரிலேட்டிவ்’ ஹாம்லெட் பற்றிய 1919-ஆம் ஆண்டுக் கட்டுரையில் வருகிறது. அதே ஆண்டில் வந்த ‘ட்ரெடிஷன் அண்ட் தி இண்டிவிஜுவல் டேலண்ட்’டில் அதைத் தேடுகிறவர்கள் பலர்.

நான்காம் படி: மொழியியலைத் தமிழிலிருந்து பிடித்தல்

ஒலியியல் என்றதும் நம் பிள்ளைகள் பலர் பயப்படுகிறார்கள். ஆனால் ‘அல்லோஃபோன்’, அதாவது பொருளை மாற்றாமல் இடத்துக்கேற்ப மாறி ஒலிக்கும் மாற்றொலி என்பதைத் தமிழர் அன்றாடம் நாவில் வைத்திருக்கிறோம். கல், தங்கம், மகன் ஆகிய மூன்று சொற்களையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ககரம் என்ற எழுத்து ஒன்றே, ஒலி மூன்று; எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்பதை நாம் யோசிப்பதே இல்லை. ஆங்கிலத்தில் ‘பின்’ என்ற குத்தூசியின் பகரத்தில் மூச்சு வெடித்து வருகிறது. ‘ஸ்பின்’ என்பதில் அந்த மூச்சு இல்லை. உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்தால் இந்த வேறுபாடு தெரியும். விளவங்கோடு பக்கத்தில் மலையாள எழுத்தும் அறிந்தவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு: மூச்சோடு வரும் ஒலிக்கு மலையாளத்தில் தனி எழுத்து இருப்பதால், ஒரு மொழியில் பொருளை வேறுபடுத்தும் தனி ஒலியனாக நிற்பது இன்னொரு மொழியில் மாற்றொலியாக அடங்கிவிடும் என்பது அவர்களுக்குச் சட்டென்று விளங்கும். ‘ரிசீவ்டு ப்ரொனன்சியேஷன்’ எனப்படும் பிரிட்டிஷ் ஆங்கிலத் தர உச்சரிப்பில் 20 உயிரொலியன்கள், 24 மெய்யொலியன்கள் என்ற கணக்கை இதன் பிறகு படித்தால் போதும்.

ஐந்தாம் படி: கல்வியியலும் பொது அறிவும்

பி.எட். புத்தகங்களே இதற்குப் போதும். பியாஜேயின் நான்கு நிலைகள், வைகாட்ஸ்கி, புளூமின் 1956-ஆம் ஆண்டு வகைப்பாடு, 1952-53 முதலியார் குழு, 1964-66 கோத்தாரி குழு ஆகியவற்றைக் காலவரிசை நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொள்ளுங்கள். பொது அறிவுக்கு நாளிதழ் வாசிப்பைத் தாண்டி நேரம் செலவிட வேண்டாம்.

ஆறாம் படி: பயிற்சித் தாள்கள்

நான்காம் மாதத்திலிருந்து முந்தைய ஆண்டு வினாத்தாள்களை ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுதுங்கள். தவறிய வினாவின் சரியான விடையை மட்டும் குறித்துக்கொண்டு நகராமல், நீங்கள் ஏமாந்த விடை எந்த நூலுக்கு உரியது என்பதையும் தேடி எழுதுங்கள். நாகர்கோவிலுக்கு வரும் நெரிசலான பேருந்தில் புத்தகம் விரிக்க இடம் இருக்காது. அந்த நேரத்தில் முந்தைய இரவு எழுதிய பக்கத்தைப் பாராமல் மனத்துக்குள் ஒப்பித்துப் பாருங்கள். தடுக்கிய இடத்தை இறங்கியதும் நோட்டில் வட்டமிடுங்கள்.

தேர்வுக்குப் பிறகு வாரியம் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிடும். அதில் பிழை இருந்தால் குறித்த நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதற்குத் தரமான பாடநூலின் பக்கத்தைத்தான் சான்றாகக் காட்ட வேண்டும், கைடுகள் ஏற்கப்படுவதில்லை. எனவே நோட்டில் எழுதும் ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் நூலின் பெயரையும் பக்க எண்ணையும் முதல் நாளிலிருந்தே எழுதி வாருங்கள்.