மேய்ச்சல் நிலத்தில் களர்: மண்ணை நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி?

சுற்றிலும் புல் இருக்க, நடுவில் மட்டும் திட்டுத் திட்டாக மொட்டையாகக் கிடக்கிறதா? மழை விட்டு மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் அங்கே கலங்கல் தண்ணீர் தேங்கி நிற்கிறதா? அப்படியானால் அது களர் நிலமாக இருக்க வாய்ப்பு அதிகம். பலர் இதைப் பார்த்ததும் விதை வாங்கித் தூவுவார்கள், இல்லையென்றால் மண்ணைத் திருத்தப் போடும் கால்சியக் கனிமமான ஜிப்சத்துக்குச் சொல்லிவிடுவார்கள். இரண்டிலும் காசு வீணாகப் போவதைத் தடுக்க, முதலில் மண்ணைச் சோதித்துவிடுவது நல்லது. ஒரு மண்வெட்டி, சில கண்ணாடி டம்ளர்கள், கொஞ்சம் மழைநீர், கொஞ்சம் வினிகர் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

களர் வேறு, உவர் வேறு

உவர் நிலத்தில் பிரச்சினை உப்பு. வெயில் காலத்தில் வெள்ளையாகப் பூக்கும். ஆனால் மண் பொலபொலவென்று இருக்கும், தண்ணீரும் உள்ளே இறங்கும். நல்ல தண்ணீரும் வடிகாலும் கிடைத்தால் உப்பைக் கழுவி வெளியேற்றிவிடலாம்.

களர் நிலத்தில் உப்பு குறைவாகவே இருக்கலாம். அங்கே சிக்கல், களித்துகள்களின் மேல் ஒட்டியிருக்கும் சோடியம். களித்துகளுக்கு எதிர்மின்சுமை உண்டு. கால்சியத்துக்கு இரட்டை நேர்மின்சுமை இருப்பதால் அது துகள்களை நெருக்கமாகப் பிடித்து வைக்கும். சோடியத்துக்கு ஒற்றைச் சுமைதான். போதாக்குறைக்குத் தன்னைச் சுற்றி நீரையும் சேர்த்துக்கொள்ளும். கால்சியத்தின் இடத்தில் சோடியம் வந்துவிட்டால், மண் நனைந்ததும் துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் பிரிந்து, நுண்துளைகளை அடைத்துவிடும். அதன்பிறகு நீர் இறங்காது, காற்று போகாது, வேரும் நுழையாது.

மிதவறட்சிப் பகுதிகளில் இது அதிகம் வரக் காரணம் இருக்கிறது. பாறை சிதைந்து வெளிவரும் சோடியத்தை அடித்துக்கொண்டு போக அங்கே மழை போதாது. மண்ணின் நீர் ஆவியாகும்போது கால்சியம் முதலில் சுண்ணாம்பாகப் படிந்துவிடும்; கரைசலில் சோடியம் மட்டும் மிஞ்சும். களர் நிலத்தில் அடியில் சுண்ணாம்புக் கட்டிகள் அடிக்கடி கிடைப்பது இதனால்தான்.

படி 1: நடந்து பாருங்கள்

மழை பெய்த மறுநாள் ஒருமுறை, நன்றாகக் காய்ந்த பிறகு ஒருமுறை. ஈரத்தில் வழவழவென்று கால் வழுக்கும். காய்ந்தால் கெட்டியான பொருக்குக் கட்டி வெடித்திருக்கும். சில இடங்களில் மேற்பரப்பில் கரும்படலம் தெரியும். மண்ணிலுள்ள மட்கு அதிகக் காரத்தில் கரைந்து, நீரோடு மேலே வந்து காய்ந்த படலம் அது. வெண்பூப்பு உப்பைக் காட்டும், கரும்படலம் காரத்தைக் காட்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தே இருக்கும் நிலமும் உண்டு.

படி 2: மூன்று குழி தோண்டுங்கள்

மொட்டைத் திட்டின் நடுவில் ஒன்று, அதன் ஓரத்தில் ஒன்று, புல் நன்றாக இருக்கும் இடத்தில் ஒன்று. 60 செ.மீ. ஆழம் போதும். ஒரே குழியைத் தோண்டிப் பார்த்தால் ஒப்பிட எதுவும் இருக்காது, மூன்றும் வேண்டும்.

குழியின் ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் மெல்லக் கொத்திவிட்டுப் பாருங்கள். பழைய களர் நிலங்களில் வெளிறிய மெல்லிய மேல்மண்ணுக்குக் கீழே, செங்குத்தான தூண்களாகப் பிளந்த களி அடுக்கு ஒன்று இருக்கும். தூண்களின் மேல்முனை உருண்டிருக்கும். ஒரு தூணைப் பெயர்த்து எடுத்தால், வேர்கள் அதற்குள் நுழையாமல் பக்கவாட்டில் நசுங்கித் தட்டையாக ஒட்டிக்கொண்டு போவது தெரியும். இந்த அடுக்கு எத்தனை செ.மீ. ஆழத்தில் தொடங்குகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 5 செ.மீ.யில் தொடங்கும் இடமும் 30 செ.மீ.யில் தொடங்கும் இடமும் புல்லுக்கு ஒன்றல்ல. மேல்மண் அரித்துப்போய் இந்தக் களி வெளியே வந்த இடம்தான் பெரும்பாலும் அந்த மொட்டைத் திட்டு.

படி 3: டம்ளர் சோதனை

எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். செலவில்லாத சோதனை, கண்ணெதிரே விடை. 1967-ல் எமர்சன் என்ற மண்ணியலாளர் வகுத்துக் கொடுத்த முறையின் எளிய வடிவம் இது.

ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் பட்டாணி அளவு மண்கட்டிகள் நாலைந்து எடுத்து நிழலில் உலர்த்துங்கள். கண்ணாடி டம்ளரில் மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, கட்டிகளை மெதுவாக உள்ளே விடுங்கள். கலக்கக் கூடாது, டம்ளரை நகர்த்தவும் கூடாது. குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம்; அவற்றில் கரைந்திருக்கும் உப்பு களித்துகளைப் பிரிய விடாது.

10 நிமிடம், 2 மணி நேரம், மறுநாள் என மூன்று முறை பாருங்கள். கட்டி பொடிப்பொடியாக உதிர்ந்து, மேலே தண்ணீர் தெளிவாகவே இருந்தால் அது வெறும் உதிர்தல். மட்கு குறைவு என்று பொருள், சோடியம் என்று பொருளல்ல. கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கல் பரவி, மறுநாளும் தெளியாமல் நின்றால் களி பிரிகிறது. அது சோடியம். புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்பும் இடம் இதுதான், அதனால் கட்டியின் வடிவத்தை விட்டுவிட்டுத் தண்ணீரின் நிறத்தைக் கவனியுங்கள்.

கலங்கவே இல்லையென்றால் உடனே முடிவுக்கு வர வேண்டாம். அதே மண்ணைக் கொஞ்சம் ஈரப்படுத்தி, விரலால் நன்றாகப் பிசைந்து, சிறு உருண்டையாக்கி மறுபடி தண்ணீரில் விடுங்கள். இப்போது கலங்கினால், மிதிபடாதவரை தாங்கும் மண் அது. ஈரமாக இருக்கும்போது மாடோ ஆடோ மிதித்தால் கெட்டுவிடும். மேய்ச்சல் நிலத்துக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறு இல்லை. அதேபோல, உப்பும் சோடியமும் சேர்ந்திருக்கும் மண்ணும் முதலில் தெளிவாகவே இருக்கும். வெண்பூப்பு உள்ள இடத்து மண்ணை மழைநீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுச் சோதியுங்கள்.

படி 4: காரம் எவ்வளவு?

மண்ணின் மேல் வினிகர் விட்டால் நுரைத்துப் பொங்குகிறதா? சுண்ணாம்பு இருக்கிறது. அப்புறம் மண்ணை மழைநீரில் கலக்கி, கார அமில நிலை (pH) காட்டும் தாளையோ மீட்டரையோ வையுங்கள். வெறும் சுண்ணாம்பு மண் பொதுவாக 8.5-ஐத் தாண்டாது. அதற்கு மேல் 9, 10 என்று போனால் சோடியம் கார்பனேட் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். காரத்தில் நிறம் மாறும் பினாப்தலீன் கரைசலைச் சொட்டு விட்டு மண் ஆழ்ந்த இளஞ்சிவப்பானாலும் அதே பொருள்தான். ஆனால் 8.5-க்குக் கீழே இருந்தால் களர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. டம்ளர் கலங்கியிருந்தால் டம்ளரையே நம்புங்கள்.

படி 5: ஆய்வக எண்கள்

0-15, 15-30, 30-60 செ.மீ. என்று ஆழம் பிரித்து, மொட்டைத் திட்டுக்குத் தனி, நல்ல இடத்துக்குத் தனி என மாதிரி எடுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் வரும் சராசரி எந்த இடத்தையும் குறிக்காது.

அமெரிக்க உவர் மண் ஆய்வகம் 1954-ல் வகுத்த எல்லைகளையே இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள். செறிவுற்ற மண்சாற்றின் (நீரில் முழுக்க ஊறிய மண்ணிலிருந்து பிரித்த நீரின்) மின்கடத்தும் திறன் 4 டெசிசீமன்ஸ்/மீட்டருக்கு மேல் போனால் உவர். பரிமாற்ற சோடியம், அதாவது களித்துகள்களில் ஒட்டியிருக்கும் நேர்மின்சுமைகளில் சோடியத்தின் பங்கு, 15 விழுக்காட்டுக்கு மேல் போனால் களர். இரண்டும் மேலே என்றால் களர்-உவர். ஆஸ்திரேலியாவில் 6 விழுக்காட்டிலேயே களர் என்கிறார்கள். அங்கே பல மண்களில் உப்பு குறைவு, அதனால் கொஞ்சம் சோடியத்துக்கே களி பிரிந்துவிடும்.

அறிக்கையில் சோடியம், கால்சியம், மக்னீசியம் மட்டும் இருந்தால் சோடியம் ஈர்ப்பு விகிதத்தை (மற்ற இரண்டோடு ஒப்பிட சோடியம் எவ்வளவு என்பதை) நீங்களே கணக்கிடலாம். லிட்டருக்கு மில்லி ஈக்விவலன்ட் (மின்சுமையையும் கணக்கில் எடுக்கும் அலகு) அளவில் சோடியம் 40, கால்சியம் 5, மக்னீசியம் 3 என்று வைத்துக்கொள்வோம். பின்னிரண்டும் சேர்ந்து 8, அதில் பாதி 4, அதன் வர்க்கமூலம் 2. 40-ஐ 2-ஆல் வகுத்தால் 20. 13-க்கு மேல் என்றாலே களர்.

படி 6: ஜிப்சம் வாங்கும் முன் ஒரு கணக்கு

ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை விரட்டிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். வேதியியல் சரிதான். ஆனால் 100 கிராம் மண்ணுக்கு 1 மில்லி ஈக்விவலன்ட் சோடியத்தை மாற்ற, ஒரு ஹெக்டேரில் 30 செ.மீ. ஆழத்துக்குச் சுமார் 3.5 டன் ஜிப்சம் வேண்டும். ஒரு லிட்டர் நீரில் ஜிப்சம் 2.5 கிராம் அளவில்தான் கரையும். 3.5 டன் கரைய ஏறத்தாழ 140 மி.மீ. நீர் மண்ணுக்குள் போக வேண்டும். களர் மண் கால்சியத்தை உடனுக்குடன் இழுத்துக்கொள்வதால் நடைமுறையில் கொஞ்சம் குறையலாம். அப்படியும் விரட்டப்பட்ட சோடியத்தை வேருக்குக் கீழே தள்ள மேலும் நீர் வேண்டும். வருடத்துக்கு 400 மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி ஓடியே போய்விடும் நிலத்தில் இது நடக்க எத்தனை வருடமாகும் என்று பாருங்கள். பாசன வயலுக்குப் பொருந்தும் மருந்து, பரந்த மேய்ச்சல் நிலத்துக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

படி 7: புல்லை நிற்க வையுங்கள்

வினிகருக்கு மண் நுரைத்ததென்றால், கால்சியம் உங்கள் மண்ணிலேயே சுண்ணாம்பாக இருக்கிறது. அதிகக் காரத்தில் கரையாமல் கிடக்கிறது, அவ்வளவுதான். வேர்கள் விடும் கரியமில வாயு நீரில் கரைந்து அமிலமாகி அந்தச் சுண்ணாம்பைக் கரைக்கும். ஆகவே தாக்குப்பிடிக்கும் புல் எதுவானாலும் அதுவே மெதுவாக மண்ணைத் திருத்தும். அந்தப் புல்லைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை.

ஈரம் காயும்வரை கால்நடையை அந்தப் பக்கம் விடாதீர்கள். உழாதீர்கள், ஆழ உழுதால் கீழே கிடக்கும் சோடியக் களி மேலே வந்துவிடும். மேடு பள்ளமாக வண்டித்தடம் விழவும் விடாதீர்கள். அடிமண் திறந்தால் நீர் அதற்குள் சுரங்கம் போல் அரித்து ஓடையாக்கிவிடும்.

முழு மொட்டையான, சரிவு குறைந்த திட்டுகளுக்கு இன்னொரு வழி உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மேற்குப் பகுதியில் குதிரை லாட வடிவில் தாழ்ந்த கரை போட்டு, 10 செ.மீ. அளவுக்கு மழைநீரைத் தேக்குகிறார்கள். தேங்கிய நீர் மெல்ல இறங்கி உப்பைக் கீழே கொண்டுபோகும், காயும்போது களி வெடிக்கும், வெடிப்பில் விதை விழுந்து முளைக்கும். முழு நிலத்திலும் இறங்காமல், ஒரு திட்டில் ஒரு கரை போட்டுப் பாருங்கள். அதற்கு முன் அந்தத் திட்டின் டம்ளர் முடிவையும் களி அடுக்கின் ஆழத்தையும் தேதியோடு எழுதி வையுங்கள். இரண்டு மழைக்காலம் கழித்து அதே இடத்தில் அதே சோதனையைச் செய்து ஒப்பிடலாம்.